வண்டித் தச்சரின் பெயர்: ‘வாக்னர்’ வந்த வழி

ஜெர்மனியின் அடுக்குமாடிக் கட்டடங்களில் வீட்டுக் கதவுகளுக்குப் பெரும்பாலும் எண் இருக்காது. கீழ் வாசலில் அழைப்பு மணிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு மணிக்குப் பக்கத்திலும் அந்த வீட்டாரின் குடும்பப் பெயர் எழுதியிருக்கும். தபால்காரரானாலும் பார்சல் கொண்டுவரும் பையனானாலும் பெயரைத் தேடித்தான் மணி அடிக்க வேண்டும். கொஞ்சம் ஜெர்மன் தெரிந்து அந்தப் பலகையைப் படித்தால் ஒரு பழைய கிராமமே கண்முன் வந்து நிற்கும். முல்லர் என்றால் மாவு ஆலைக்காரர். ஷ்மிட் கொல்லர். ஷ்னைடர் தையல்காரர். ஃபிஷர் மீனவர். வேபர் நெசவாளர். பெக்கர் ரொட்டி சுடுகிறவர். வாக்னர் வண்டித் தச்சர்.

இந்தக் கடைசிப் பெயரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஜெர்மனியில் அதிகம் வழங்கும் குடும்பப் பெயர்களின் பட்டியல்களில் வாக்னர் பெரும்பாலும் ஏழாவது இடத்தில் வருகிறது. முதலிடம் முல்லருக்கு, ஜெர்மானியரில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர் முல்லர். முதல் பத்துப் பெயர்களுமே தொழிலையோ ஊர்ப் பொறுப்பையோ குறிப்பவை. இங்கிலாந்தில் அப்படி இல்லை. அங்கே ஸ்மித்துக்கு அடுத்தபடியாக ஜோன்ஸ், வில்லியம்ஸ் என்று தகப்பன் பெயரிலிருந்து வந்தவை நிற்கின்றன. ஸ்காண்டிநேவிய நாடுகளில் ‘இன்னாரின் மகன்’ என்ற பெயர்களே அதிகம். ஒருவர் என்ன வேலை செய்தார் என்பதை இவ்வளவு விடாப்பிடியாகப் பெயரில் முடிந்து வைத்தவர்கள் ஜெர்மானியர்கள்தான்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ‘வாகன்’ என்றால் வண்டி. ஃபோக்ஸ்வாகன் என்ற கார் கம்பெனியின் பெயரில் இருப்பதும் இதே வாகன். முழுப் பொருள் ‘மக்கள் வண்டி’. வாகனோடு, செய்பவரைக் குறிக்கும் ‘-அர்’ விகுதி சேர்ந்து பழைய ஜெர்மனில் ‘வாகனாரி’ என்றும், இடைக்காலத்தில் ‘வாகனர்’ என்றும் வழங்கியது. பிறகு நடு உயிர் தேய்ந்து ‘வாக்னர்’ ஆனது.

தமிழ் வாசகருக்கு ‘வாகன்’ என்றதும் ‘வாகனம்’ நினைவுக்கு வரும். இது தற்செயலான ஒலி ஒற்றுமை இல்லை. நாம் வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்ட வாகனமும் ஜெர்மானியரின் வாகனும் ‘சுமந்து செல்லுதல்’ என்று பொருள்படும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை. சக்கரத்துக்கான ஜெர்மன் சொல் ‘ராட்’. அதன் வடமொழி உறவு ‘ரதம்’. அச்சுக்கு ‘ஆக்ஸெ’, வடமொழியில் ‘அக்ஷ’. வண்டியும் சக்கரமும் அச்சும் ஆதி இந்தோ-ஐரோப்பிய மொழியிலேயே பெயர் பெற்றுவிட்டன என்பதற்கு மொழியியலாளர்கள் காட்டும் சான்றுகளில் இவையும் உண்டு. இந்த மூன்று சொற்களிலிருந்தும் ஜெர்மனியில் தனித்தனிக் குடும்பப் பெயர்கள் பிறந்திருக்கின்றன. அதற்கு அப்புறம் வருகிறேன்.

சரி, குடும்பப் பெயரே இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? 12-ஆம் நூற்றாண்டு வரை ஜெர்மன் பேசும் நிலங்களில் பெரும்பாலோருக்கு ஒரே ஒரு பெயர்தான். கிராமத்தில் ஐம்பது பேர் இருக்கும்வரை அது போதும். நகரங்கள் பெருக ஆரம்பித்தபோது சிக்கல் வந்தது. அதுவும் பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர்கள் சிலவற்றிலேயே சுழன்றுகொண்டிருந்தன. திரும்பிய பக்கமெல்லாம் ஹைன்ரிஷ், கோன்ராட், யோஹானஸ். நாம் ‘குப்பனும் சுப்பனும்’ என்று சொல்லும் இடத்தில் ஜெர்மானியர்கள் இன்றும் ‘ஹின்ட்ஸும் குன்ட்ஸும்’ என்கிறார்கள். ஹைன்ரிஷ், கோன்ராட் என்ற அந்தப் பெயர்களின் செல்லச் சுருக்கங்கள்தான் அவை. ஒரே தெருவில் ஆறு ஹைன்ரிஷ் இருந்தால் வரி வசூலிக்கிறவரும் பத்திரம் எழுதுகிறவரும் என்ன செய்வார்கள்? ‘வண்டி செய்கிற ஹைன்ரிஷ்’ என்று எழுதினார்கள். முதலில் அது வெறும் அடையாளக் குறிப்பு. பின்னால் ‘ஹைன்ரிஷ் டெர் வாக்னர்’ என்பதிலிருந்த ‘டெர்’ என்ற சுட்டு உதிர்ந்து ‘ஹைன்ரிஷ் வாக்னர்’ ஆயிற்று. அதன் பிறகு வந்ததுதான் உண்மையான திருப்பம்: மகன் ரொட்டி சுடப் போனாலும் அவனும் வாக்னர் என்றே எழுதப்பட்டான். தொழிலின் பெயர் குடும்பத்தின் பெயராக மாறியது அங்கேதான். கொலோன் போன்ற ரைன் கரை நகரங்களிலும் தெற்கிலும் இது முதலில் நடந்தது. கிராமங்களுக்கும் வடக்குக்கும் மெதுவாகப் பரவியது. வட கடலோரத்து ஃப்ரீஸ்லாந்தில் தகப்பன் பெயரையே அடுத்த பெயராக வைத்துக்கொள்ளும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. நெப்போலியன் ஆட்சியில் 1811-இல் வந்த ஆணைதான் நிலையான குடும்பப் பெயரை அங்கே கட்டாயமாக்கியது. தகப்பன் பெயரை முதலெழுத்தாக வைத்திருக்கும் நமக்கு ஃப்ரீஸ்லாந்துக்காரர்களின் தயக்கம் நன்றாகவே புரியும்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். இடைக்கால ஜெர்மனியில் மிகப் பெரும்பாலானவர்கள் உழவர்கள். அப்படியிருக்க, உழவரைக் குறிக்கும் ‘பாவர்’ என்ற பெயர் ஏன் முதலிடத்தில் இல்லை? அடையாளப் பெயர் வேலை செய்யும் விதத்தில்தான் விடை இருக்கிறது. ஊரே உழவர்களாக இருக்கும்போது ஒருவரை ‘உழவர் ஹைன்ரிஷ்’ என்று அழைத்து என்ன பயன்? உழவர்களை அவர்கள் வைத்திருந்த நில உரிமையையும் பொறுப்பையும் வைத்துப் பிரித்தார்கள். பண்ணை நிர்வாகி மையர், ஒரு ‘ஹூபெ’ அளவு நிலம் வைத்திருந்தவர் ஹூபர், பண்ணையைச் சேர்ந்தவர் ஹோஃப்மன். ஊருக்கு ஒருவராக இருந்தவருக்கோ தொழிலே போதுமான அடையாளம். ஆலைக்காரர் ஒருவர், கொல்லர் ஒருவர், வண்டித் தச்சர் ஒருவர். எந்த ஊரிலும் ஒருவர்தான், ஆனால் எல்லா ஊரிலும் ஒருவர்! இப்படிப்பட்ட தொழில்கள்தான் இன்று பட்டியலின் உச்சியில் நிற்கின்றன. முல்லர்கள் மலிந்திருப்பதைப் பார்த்து ஜெர்மனியில் ஒரு காலத்தில் ஆலைக்காரர்கள் நிறைந்து கிடந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அவர்கள் ஊருக்கு ஊர் தனியாக இருந்தார்கள், அவ்வளவுதான்.

வண்டித் தச்சர் ஊருக்கு ஒருவர் கட்டாயம் தேவைப்பட்டது ஏன் என்று புரிய வேண்டுமானால் அவர் செய்த பொருளைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும்.

மரச்சக்கரத்தின் நடுவே குடம். அதற்கு எல்ம் மரம் அல்லது ஓக். எல்ம் மரத்தின் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், சுற்றிலும் பன்னிரண்டு துளை போட்டு ஆரக்கால்களைச் சம்மட்டியால் அறைந்தாலும் அது பிளக்காது. குடத்துக்கான கட்டையை வெட்டி, வருடக்கணக்கில் நிழலில் உலர வைப்பார்கள். ஈரம் இருக்கும்போது துளை போட்டால் பின்னால் மரம் சுருங்கி ஆரக்கால் ஆடும். ஆரக்கால்களுக்குப் பெரும்பாலும் ஓக். அதை அறுக்க மாட்டார்கள். நார் ஓடும் வழியே பிளப்பார்கள். அறுத்தால் வாள் நாரைக் குறுக்கே வெட்டிவிடும், பாரம் ஏறும்போது அந்த இடத்தில் ஒடியும். வெளிவட்டம் ஒரே மரம் கிடையாது. பீச் அல்லது ஆஷ் மரத்தில் வில்லாகச் செதுக்கிய துண்டுகள். தமிழில் வட்டை என்போமே, அதுதான். ஒரு வட்டைத் துண்டுக்கு இரண்டு ஆரக்கால். ஆக, பன்னிரண்டு ஆரக்கால் சக்கரத்துக்கு ஆறு துண்டுகள்.

இன்னொரு நுட்பமும் உண்டு. நல்ல சக்கரம் தட்டையாக இருக்காது. ஆரக்கால்கள் குடத்திலிருந்து லேசாக வெளிப்பக்கம் சாய்ந்து, சக்கரம் குழிவான தட்டுபோல இருக்கும். குதிரையோ மாடோ நடக்கும்போது வண்டி இடமும் வலமும் அசையும். ஒவ்வோர் அசைவும் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். தட்டையான சக்கரம் சீக்கிரமே தளர்ந்துவிடும். சாய்வான ஆரக்கால்கள் அந்தத் தள்ளலைத் தாங்கிக்கொள்ளும். இந்தச் சாய்வின் அளவு தச்சரின் கையிலும் கண்ணிலும் இருந்தது.

கடைசியில் கொல்லர் வருவார். இரும்புப் பட்டையைச் சக்கரத்தின் சுற்றளவைவிடக் கொஞ்சம் சிறிதாக வளைத்து ஒட்டுவார். நெருப்பில் பழுக்கக் காய்ச்சியதும் அது விரியும். இடுக்கியால் தூக்கி மரச் சக்கரத்தின் மேல் இறக்கி, உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். மரம் கருகிப் புகையும். பட்டை குளிர்ந்து சுருங்கும்போது ஆரக்கால்களும் வட்டைகளும் நெருக்கப்பட்டு, எல்லா மூட்டுகளும் ஓசையோடு இறுகும். ஆணியும் பசையும் செய்ய முடியாத வேலையை அந்தச் சுருக்கம் செய்தது. தச்சரின் பட்டறையும் கொல்லரின் உலைக்களமும் பல ஊர்களில் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததற்குக் காரணம் இதுதான். பல நகரங்களில் இரண்டு தொழிலுக்கும் ஒரே சங்கம்.

நியூரம்பெர்க் நகரில் 1388-இல் கோன்ராட் மெண்டல் என்ற வணிகர், வயதாகி உழைக்க முடியாமல்போன பன்னிரண்டு கைவினைஞர்களுக்காக ஓர் அறநிலையம் தொடங்கினார். அங்கே வாழ்ந்து மறைந்தவர்களை 15-ஆம் நூற்றாண்டிலிருந்து ஓவியமாக வரைந்து வைத்தார்கள். ஒவ்வொருவரும் தன் தொழிலைச் செய்யும் கோலத்தில் இருப்பார். சக்கரம் செய்கிறவரும் அவர்களில் உண்டு. ராஜாக்களையும் புனிதர்களையும் வரைந்த காலத்தில் சாதாரணத் தொழிலாளிகளை அவர்களுடைய கருவிகளோடு வரைந்தார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இன்றைய வாக்னர் ஒவ்வொருவருக்கும் மூதாதை வண்டித் தச்சர்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. இடைக்கால ஜெர்மனில் ‘வாகனர்’ என்பது வண்டி செய்பவரையும் குறித்தது, வண்டி ஓட்டிச் சரக்கு ஏற்றிப் போனவரையும் குறித்தது. ஓட்டுபவருக்குப் பின்னாளில் ‘ஃபூர்மன்’ என்ற சொல் நிலைத்தது. அதுவும் ஒரு குடும்பப் பெயர்.

இனி இந்தப் பெயரின் பரவல். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. வண்டித் தச்சரை ஜெர்மன் நிலம் முழுக்க ஒரே சொல்லால் அழைக்கவில்லை. தெற்கிலும் நடுப்பகுதியிலும் வாக்னர். கீழ் சாக்ஸனிப் பக்கம் அதே சொல் ‘வேகனர்’ என்று உயிர் திரிந்து வழங்கியது. பால்டிக் கடலோரம் போகப் போக அது ‘வேக்னர்’. வெஸ்ட்ஃபாலியாவிலும் ரைன் நதியின் கீழ்ப்பகுதியிலும் வண்டியை விட்டுவிட்டுச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார்கள்: ‘ராடெமாகர்’, சக்கரம் செய்பவர். கொலோன், ஆகன் வட்டாரத்தில் அச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அங்கே அவர் ‘எஸ்ஸர்’ அல்லது ‘அஸ்ஸன்மாகர்’, அச்சு செய்பவர். வடகிழக்கில் ‘ஷ்டெல்மாகர்’, வண்டியின் சட்டத்தைச் செய்பவர். அங்கே பெரும் பண்ணைகள் தங்களுக்கென்றே ஒரு ஷ்டெல்மாகரை வேலைக்கு வைத்திருந்தன. சிலேசியா, சாக்ஸனிப் பக்கம் ‘ஃபெல்கன்ஹவர்’, அதாவது வட்டை செதுக்குபவர். அல்சாஸ் பக்கம் வண்டித் தச்சருக்கு ‘க்ரும்ஹோல்ட்ஸ்’ என்றே பெயர், வளைந்த மரம்! வட்டைக்கு ஏற்ற வளைவோடு இயற்கையாகவே வளர்ந்த மரத்தைக் காட்டில் தேடித் திரிந்தவரை ஊரார் அப்படி அழைத்திருக்கிறார்கள்.

வண்டி, சக்கரம், அச்சு, சட்டம், வட்டை. ஒரே மனிதர்; ஒவ்வொரு வட்டாரமும் அவருடைய வேலையில் ஒரு பாகத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறது.

ஆகவே வாக்னருக்குக் கிடைத்த ஏழாவது இடம் வண்டித் தச்சர்களின் எண்ணிக்கையைச் சொல்லவில்லை. ‘வாக்னர்’ என்ற ஒரு சொல்லின் நாடு எவ்வளவு பெரியது என்பதைச் சொல்கிறது. வேகனரும் ராடெமாகரும் எஸ்ஸரும் ஷ்டெல்மாகரும் தனித்தனியாக எண்ணப்படுவதால் அந்தத் தொழில் பட்டியலில் சிதறிக் கிடக்கிறது. ஆலைக்காரருக்கு வடக்கே ‘மொல்லர்’ என்ற உச்சரிப்பு வேறுபாடு இருந்தாலும் அடிப்படைச் சொல் நாடெங்கும் ஒன்றுதான். முல்லர் முன்னால் நிற்பதில் இதற்கும் பங்கு உண்டு. பெயர்ப் பட்டியலைப் பார்த்து மக்கள் தொழில் கணக்கெடுப்பு நடத்துகிறவர்கள் அடிக்கடி தவறவிடும் விஷயம் இது.

சிதறிய இந்த உறவுகளில் சிலரை நமக்கு வேறு வழியாகத் தெரியும். கண்டங்கள் நகர்கின்றன என்று 1912-இல் அறிவித்து, 1930-இல் கிரீன்லாந்துப் பனியில் இறந்த ஆல்ஃபிரட் வேகனரை நம் பள்ளிப் பாடநூல்கள் ‘வெக்னர்’ என்று அறிமுகப்படுத்துகின்றன. அவர் பெயரும் வண்டித் தச்சர்தான். மேற்கு ஜெர்மன் அரசியலில் பெரும் ஆளுமையாக இருந்த சமூக ஜனநாயகக் கட்சியின் நாடாளுமன்றக் குழுத் தலைவர் ஹெர்பர்ட் வேனரின் பெயரும் அதுவே. ஹெஸ்ஸன், துரிங்கியா பேச்சுவழக்கில் ‘க’ ஒலி கரைந்து வேக்னர் ‘வேனர்’ ஆகிவிட்டது.

ராடெமாகர் என்ற பெயரிலோ தமிழருக்கு நேரடியான சொந்தம் ஒன்று இருக்கிறது. ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டல்களாகப் பிரிக்கலாம் என்ற கேள்வி எல்லோருக்கும் தெரிந்ததுதான். 4-ஐ ஐந்து விதமாகப் பிரிக்கலாம். 200-ஐப் பிரிக்கும் வழிகள் 3,972,999,029,388. இதைக் கிட்டத்தட்டச் சரியாகக் கணக்கிடும் சூத்திரத்தை ஈரோட்டில் பிறந்த ராமானுஜனும் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டியும் 1918-இல் வெளியிட்டார்கள். இரண்டு வருடத்தில் ராமானுஜன் மறைந்துவிட்டார். அந்தச் சூத்திரத்தை 1937-இல் துல்லியமான விடை தரும் முடிவிலாத் தொடராக முழுமைப்படுத்தியவர் ஹான்ஸ் ராடெமாகர். ஹாம்பர்க்கை ஒட்டிய வாண்ட்ஸ்பெக்கில் 1892-இல் பிறந்தவர். நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் வேலையை இழந்து அமெரிக்கா போய், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தார். சக்கரம் செய்பவர் என்று பெயர் கொண்ட ஒருவர் கும்பகோணத்துப் பிள்ளையின் கணக்கை வட்டமாக முடித்து வைத்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

ஒரே பெயர் இத்தனை எழுத்து வடிவங்களில் உறைந்துபோனதற்கு அலுவலகங்களும் காரணம். நெடுங்காலம் பெயர்களுக்கு நிலையான எழுத்துக்கூட்டல் கிடையாது. பாதிரியார் காதில் விழுந்தபடி ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதுவார். தகப்பன் வாகனர், மகன் வாக்னர், பேரன் வேக்னர் என்று ஒரே குடும்பம் மூன்று விதமாகப் பதிவாகியிருக்கலாம். 1876 ஜனவரி 1 முதல் ஜெர்மன் பேரரசு முழுவதும் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் அரசுப் பதிவாளரிடம் போயின. அதோடு இந்த ஊசலாட்டம் நின்றது. அன்று எப்படி எழுதப்பட்டதோ அதுவே பரம்பரைக்கும். அடுத்தடுத்த மணிப் பொத்தான்களில் இருக்கும் வேகனரும் வேக்னரும் இன்று சட்டப்படி இரண்டு வெவ்வேறு பெயர்க்காரர்கள்.

அதற்குள் பெயரும் தொழிலும் பிரிந்து வெகுநாளாகியிருந்தது. உலகம் முழுக்கத் தெரிந்த வாக்னர் இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னர். 1813-இல் லைப்ஸிக்கில் பிறந்தார். அப்பா காவல்துறையில் எழுத்தர். முன்னோர்களில் பள்ளி ஆசிரியர்கள். பட்டறை வாசனையே இல்லாத குடும்பம். அவர் பிறந்த ஆறே மாதத்தில் அப்பா இறந்துவிட, அம்மா லுட்விக் கையர் என்ற நடிகரை மணந்துகொண்டார். அதனால் பதினான்கு வயதுவரை அந்தப் பையன் ரிச்சர்ட் கையர். கையர் என்றால் பிணந்தின்னிக் கழுகு. பின்னர்தான் வாக்னர் என்ற பெயருக்குத் திரும்பினார்.

நேர் எதிரான கதையும் உண்டு. ஆஸ்திரியாவில் ரீட் என்ற ஊரில் 1924-இல் ஒரு வண்டித் தச்சர் சொந்தப் பட்டறை போட்டார். கைவண்டிகளும் சறுக்கு வண்டிகளும் செய்தவர், ஆஷ் மரத்தை வளைக்கத் தெரிந்த கையால் பனிச்சறுக்குப் பலகைகளும் செய்ய ஆரம்பித்தார். அந்தப் பட்டறைதான் இன்று ஒலிம்பிக் வீரர்கள் கால்களில் மாட்டிக்கொள்ளும் ஃபிஷர் நிறுவனம். ஆம், தொழிலால் வாக்னராக இருந்த அவர் பெயர் யோசெஃப் ஃபிஷர், மீனவர்! வாக்ரைன் ஊரில் 1955-இல் அட்டாமிக் நிறுவனத்தைத் தொடங்கிய அலோய்ஸ் ரோர்மோசரும் வண்டித் தச்சர்தான். ஆல்ப்ஸ் பகுதியில் வண்டித் தச்சரிடம் போய்ச் சறுக்குப் பலகை வாங்குவது அப்போது இயல்பான விஷயம்.

இன்றைய பரவலைத் துல்லியமாகக் காட்டுவது மைன்ஸ், ஃப்ரைபர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தயாரித்த ஜெர்மன் குடும்பப் பெயர் நிலப்படத் தொகுப்பு. 2005-ஆம் ஆண்டின் தரைவழித் தொலைபேசி இணைப்புகளைத் தரவாக எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு ஒரு இணைப்பு இருந்த கடைசிக் காலம் அது; கைபேசி வந்தபிறகு அப்படியொரு முழுமையான பட்டியல் கிடைப்பது கஷ்டம். அந்தப் படங்களில் வியப்பான விஷயம் ஒன்று தெரிகிறது. தொழிற்புரட்சி, இரண்டு உலகப் போர்கள், 1945-க்குப் பின் கிழக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் என்று இவ்வளவு நடந்தும், இடைக்காலப் பேச்சுவழக்குகளின் எல்லைகள் இன்னும் அழியவில்லை. வாக்னர்கள் சார்லாந்திலிருந்து ஹெஸ்ஸன் வழியாகத் துரிங்கியா, பவேரியா வரை அடர்ந்திருக்கிறார்கள். எஸ்ஸர் இன்னும் கொலோன், ஆகன் பக்கமே இருக்கிறார். வேகனர் இன்னும் கீழ் சாக்ஸனியில். பெரும்பாலான குடும்பங்கள் நூற்றாண்டுகளாக அதிக தூரம் போகவில்லை என்று வேறெந்த ஆவணமும் இவ்வளவு அழகாகச் சொன்னதில்லை.

எல்லைக்கு வெளியே: ஆஸ்திரியாவிலும் லக்சம்பர்கிலும் முதல் பத்துப் பெயர்களுக்குள் வாக்னர் இருக்கிறது. ஹங்கேரிக்குப் போன சொல் பவேரிய உச்சரிப்போடு போய் ‘போக்னார்’ ஆயிற்று. அங்கே அது தொழிலின் பெயரும் குடும்பப் பெயரும். அமெரிக்காவுக்குப் போனவர்களில் சிலர் ‘வேகனர்’ என்று ஆங்கிலத்துக்கு ஏற்ற எழுத்துக்கூட்டலுக்கு மாறினார்கள். பலர் மாறவில்லை. தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையை அமெரிக்கத் தொழிலாளர்களுக்கு உறுதி செய்த 1935-ஆம் ஆண்டுச் சட்டம் ‘வாக்னர் சட்டம்’ என்றே அழைக்கப்படுகிறது. அதைக் கொண்டுவந்த செனட்டர் ராபர்ட் வாக்னர் ஜெர்மனியின் நாஸ்டேட்டன் என்ற சிற்றூரில் பிறந்து சிறுவனாக நியூயார்க் வந்தவர். பிரேசிலில் இது குடும்பப் பெயர் என்ற நிலையையும் தாண்டி, பிள்ளைகளுக்கு வைக்கும் முதற்பெயராகவே ஆகிவிட்டது.

மற்ற மொழிகளிலும் இந்தத் தச்சர் பெயராக வாழ்கிறார். செக் மொழியில் கோலார்ஷ், பிரெஞ்சில் ஷாரோன். போலந்தின் முதல் அரச வம்சத்தின் மூதாதையாகச் சொல்லப்படும் பியாஸ்ட், கர்ணபரம்பரைக் கதையின்படி ஒரு சக்கரத் தச்சர். ஆங்கிலத்தில் கார்ட்ரைட், வெய்ன்ரைட், வீலர். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டை 1945-இல் அகழ்ந்து ரோமானிய வணிகத்தை வெளிக்கொண்டுவந்த மார்ட்டிமர் வீலரின் பெயர்ப்பொருளும் சக்கரம் செய்பவர்தான்.

தொழிலின் முடிவு படிப்படியாக வந்தது. கார்ல் ட்ரைஸ் 1817-இல் மன்ஹைமில் ஓட்டிக்காட்டிய இருசக்கர ஓடும் இயந்திரம், சைக்கிளின் பாட்டன், முழுக்க வண்டித் தச்சர் கைவேலைதான். 1886-இல் டைம்லர் தன் எஞ்சினைப் பொருத்தியது ஸ்டுட்கார்ட்டின் ஒரு கோச்சு வண்டிப் பட்டறையில் செய்யச் சொல்லி வாங்கிய குதிரை வண்டியில். ஆக, வாக்னரைப் பின்னால் தள்ளிய மோட்டார் வண்டிக்கு முதல் உடம்பு கொடுத்ததே அவருடைய தொழில். ரப்பர் டயர் பொருத்திய இரும்பு வண்டிகளும் டிராக்டரும் 1950-களில் கிராமங்களை நிறைத்தபோது மரச்சக்கரத்துக்கு வேலை இல்லாமல் போனது. பல பட்டறைகள் ஏணி, மண்வெட்டிப் பிடி, சறுக்கு வண்டி என்று செய்து சில வருடங்கள் தாக்குப்பிடித்தன. மற்றவை வாகன உடற்கூடு கட்டும் தொழிலுக்கு மாறின. ஜெர்மனியின் கைத்தொழில் பதிவேட்டில் பழைய வாக்னரின் வாரிசாக இன்று நிற்பது அந்தத் தொழில்தான். குடத்தைத் துளையிட்டு, ஆரக்கால் அறைந்து, பட்டை ஏற்றும் வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் திறந்தவெளி அருங்காட்சியகங்களுக்குத்தான் போக வேண்டும்.

பெயர் மட்டும் புதிது புதிதாகப் பதிவாகிக்கொண்டே இருக்கிறது. கணவன் பெயரே குடும்பத்தின் பெயர் என்ற கட்டாயம் மேற்கு ஜெர்மனியில் 1976-இல் தளர்ந்தது. தம்பதிகள் ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கவில்லை என்றால் கணவன் பெயரையே எடுத்துக்கொள்ளும் விதியையும் 1991-இல் அரசியல் சட்ட நீதிமன்றம் நீக்கியது. 2025 மே 1 முதல் கணவன், மனைவி இருவருமே இரண்டு பெயரையும் இணைத்து வைத்துக்கொள்ளலாம். பிள்ளைக்கும் அந்த இரட்டைப் பெயரைக் கொடுக்கலாம். அழைப்பு மணிப் பலகைகளில் இனி ‘வாக்னர்-ஷ்மிட்’ என்ற பெயர் வீட்டாருக்கெல்லாம் பொதுவாக எழுதப்படும். மரச்சக்கரம் செய்தவரும் அதற்கு இரும்புப் பட்டை போட்டவரும் ஒரே கதவில்.